அம்மா போன்

பொறாமை என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. என் மனைவி அதை வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்வாள். எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்கு அது ஐம்பத்திரண்டாம் வயதில் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளிருந்து வந்தது. அந்தக் கட்டத்தில் முகம் இருக்காது. கறுப்பில் வெள்ளையாக ‘அம்மா போன்’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

கைப்பேசியில் அப்படிப் பெயர் வைத்தது, வகுப்பில் எங்களோடு படித்த ஒரு பெண்ணின் மகள். வகுப்புக்குள் நுழைந்தால் அந்தப் பெயர்தான் திரையில் தெரியும். மாற்றத் தெரியவில்லையோ, மாற்றத் தோன்றவில்லையோ, ஆறு மாதமும் அது அப்படியே இருந்தது. பேராசிரியரும் வருகைப்பதிவு எடுக்கும்போது “அம்மா போன் வந்தாச்சா?” என்பார். “வந்துட்டேன் சார், பஸ்ல இருக்கேன்” என்று குரல் வரும். அதன் பின்னாலேயே கண்டக்டரின் விசில் வரும்.

வெளியூர்க் கல்லூரி ஒன்று இணையத்தில் நடத்திய ஆறு மாதப் படிப்பு அது. பாடம் நவீன நாவல். ஏதாவது ஒரு பட்டம் வாங்கியவர்கள் யாரும் சேரலாம். சனி, ஞாயிறு மாலைகளில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. நான் படிப்பதற்காகச் சேரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த நேரம் போக, பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த என் தாத்தா, பெரியப்பாக்கள், அவர்கள் கப்பலேறிப் போன சைகோன், திரும்பி வந்து உட்கார்ந்த நெல்லித்தோப்பு வீடு எல்லாம் அதில் இருந்தது. இல்லாதது ஓர் அணிந்துரைதான். பெரிய கை ஒன்று அணிந்துரை எழுதித் தராத முதல் நாவலைப் பதிப்பகத்தில் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்த பெரிய கை அந்தப் பேராசிரியர். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரி, மாணவனாகவே போய் நிற்போம் என்று பணம் கட்டிச் சேர்ந்தேன்.

நல்ல மைக் வாங்கினேன். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும்படி மேசையைத் திருப்பிப் போட்டேன். தடித்த புத்தகங்களை முன்வரிசைக்குக் கொண்டு வந்தேன்.

முதல் வகுப்புக்கு ஒரு பெரிய குடும்ப நாவலின் ஐந்து அத்தியாயங்களைப் படித்துவரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் மூத்த மகன் இறந்த செய்தி தந்தியில் வரும். தாய் மயங்கி விழுவாள். தகப்பன் மகனோடு போட்ட பழைய சண்டையை நினைத்து உருகுவார். ஏழு பக்கத்துக்கு அந்தத் துக்கம் போகும். நான் நினைவோட்டம், காலத்தைக் குலைத்துப் போடும் உத்தி என்று நான்கு நிமிடம் பேசினேன். பேராசிரியர் “சரி, நல்லது” என்று சொல்லிவிட்டுக் குனிந்து டீ குடித்தார்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. “சார், ஒரு சின்ன சந்தேகம்.”

“சொல்லுங்க... அம்மா போன்.”

“தந்தி கொண்டாந்த ஆளு இன்னும் வாசல்லயே நிக்கிறான் சார்.”

“எந்த ஆளு?”

“தந்திக்காரன் சார். கதவத் தட்றான், தந்தியக் குடுக்கறான், இவங்க அழ ஆரம்பிச்சிடறாங்க. அவனப் போப்பான்னு ஒருத்தரும் சொல்லல. அவனாவும் போவல. அடுத்த அத்தியாயம் வரைக்கும் போயிப் பாத்துட்டேன். எனக்குத் தப்பா இருக்கலாம். ஆனா அந்தம்மா விழுந்தத அவனும்தான சார் பாத்திருப்பான்? ஏழு பக்கமா நின்னுகினு இருக்கான்.”

பேராசிரியர் டம்ளரை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். முப்பது வருடமாக அந்த நாவலை நடத்துகிறவர். பக்கங்களைப் புரட்டினார். “ஆமாம்மா, நிக்கிறான்” என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் நான்கு நிமிடம் பேசி வராத வெளிச்சம். மீதி வகுப்பு முழுக்கத் தந்திக்காரனைப் பற்றித்தான் பேசினோம்.

கணினியை அணைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “யாருங்க அது, பஸ்ஸுல இருந்து பேசினது?” என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் படிக்கும் எதைப் பற்றியும் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் பஸ்ஸிலிருந்து பேசியவளுக்கு வேலை. மூடிகள் பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும். கடைசியில் உட்கார்ந்து, உள்ளே வாஷர் இல்லாத மூடியைப் பொறுக்கி வெளியே போட வேண்டும். பத்து வருடமாக அதே நாற்காலி. கணவர் பிள்ளைச்சாவடியில் கடலுக்குப் போகிறவர். தபால் வழியில் பி.ஏ. தமிழ் முடித்திருந்தாள். தினமும் வேலை விட்டுக் காலாப்பட்டு பஸ்ஸில் வீடு திரும்பும்போது பத்துப் பக்கம் படிப்பாளாம். அதற்கு மேல் போனால் தலை சுற்றுமாம். இதெல்லாம் அவளாகச் சொன்னதில்லை. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டுக் கேட்டு வாங்கியவை. என்னை அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

“நல்ல மூடியவே பாத்துகினு இருந்தா கண்ணு செத்துடும் சார்” என்றாள் ஒருநாள். “இல்லாததத்தான் பாக்கணும். அது பழகிப்போச்சு. புக்கு எடுத்தாலும் கண்ணு அங்கதான் போவுது. மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது. எந்த இசமும் தெரியாது. எந்த நாவலையும் குறித்த தேதிக்குள் முடித்ததில்லை. நாவலாசிரியர் என்று சொல்ல வராது, ‘நாவல்காரரு’ என்பாள். நான் ஒருமுறை வகுப்பிலேயே நயமாகத் திருத்தினேன். பேராசிரியர், “இல்லங்க, நாவல்காரர்னு சொன்னா அவரும் ஒரு வேலை செய்யிற ஆள்னு தெரியுது” என்றார். அன்றிலிருந்து வகுப்பில் எல்லோரும் நாவல்காரர் என்றே சொன்னார்கள். நான் மட்டும் கடைசிவரை நாவலாசிரியர் என்றே சொல்லிவந்தேன்.

இன்னொரு நாவலில் பஞ்சத்துக்குப் பயந்து ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும். அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. இடப்பெயர்வு, வேரறுதல் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் அவள் கேட்டாள்: “ஒரு சின்ன சந்தேகம் சார். மொத அத்தியாயத்துல கொட்டாயில ஒரு ஆடு கட்டி இருந்திச்சே. அத யாராச்சும் அவுத்து உட்டாங்களா?” அந்தப் பஞ்சம் முழுக்க அந்த ஆட்டின் கழுத்தில் இருந்தது. அடுக்களையில் கரண்டி நின்றுவிட்டது. “ஐயோ பாவம்” என்று என் மனைவி சத்தமாகவே சொன்னாள்.

அதற்குப் பிறகு சனி, ஞாயிறு ஆறரைக்குள் அவள் சமையலை முடித்துவிடுவாள். அடுக்களைவரை கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வாள். நான் பேசும்போது மறுநாளுக்கு வெங்காயம் உரிப்பாள். “மூடிக்காரப் பொண்ணு பேசிடிச்சா?” என்று நடுவில் எட்டிப் பார்ப்பாள்.

நானும் அந்த மாதிரிக் கேள்வி ஒன்று தயார் செய்தேன். இரண்டு நாள் தேடினேன். ஒரு நாவலில் கல்யாண வீட்டுக் காட்சியில் கோயில் மணி அடிக்கும். “அந்த மணியை அடித்தவர் யார் என்று நாவலில் இல்லையே ஐயா?” என்று கேட்டேன். பேராசிரியர் கொஞ்சம் யோசித்து, “அது முக்கியமா?” என்றார். அடுக்களையில் இருமல் சத்தம் கேட்டது. என் மனைவிக்கு இருமல் கிடையாது. சிரிப்பை இருமலாக மாற்றத் தெரியும்.

வகுப்புக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். வாட்ஸ்அப் குழுவை நடத்துவது, நேரம் மாறினால் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. பேராசிரியர் கண்ணில் படலாம் என்று நானே கேட்டு வாங்கிய வேலை. இரண்டாவது மாதமே அந்த மூடிக்காரப் பெண் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “அண்ணா, குழுவுல வர்ற குட்மார்னிங்குலயே எனக்குப் போன் ரொம்பிடுது. அதான் வெளிய வந்துட்டேன். வேலைக்குப் போனா போன கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. நேரம் மாறினா மட்டும் மொத நாள் சாயந்தரம் ஒரு போன் அடிச்சிடுங்கண்ணா. லீவு சொல்லிட்டு வந்துடறேன்.”

“கண்டிப்பா அடிக்கிறேம்மா” என்றேன். அவள் எண்ணையும் ‘அம்மா போன்’ என்றே பதிந்து வைத்தேன்.

நான்காவது மாதம் துணிந்து பேராசிரியரிடம் என் நாவலைப் பற்றிச் சொன்னேன். அணிந்துரை வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. “நானூறு பக்கம் படிக்க எனக்கு இப்ப நேரம் இல்லங்க. ஒண்ணு செய்யுங்க. நம்ம அம்மா போன்கிட்ட குடுங்க. அவங்க படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னா நான் உடனே உக்காந்து படிச்சு எழுதிடறேன்.”

போனை வைத்தேன். பன்னிரண்டு வருடம். கடைசியில் அதுவும் அந்தப் பெல்ட்டில்தான் ஓட வேண்டும் என்று ஆகிவிட்டது.

சுருள் கம்பி போட்டு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனேன். வேலை விடும் நேரம். நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருத்தி கேட்டில் போனை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஒல்லி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எதைப் பார்த்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தாள். நாவலை இரண்டு கையாலும் வாங்கினாள். “யம்மாடி! இத்தினியும் நீங்களே எழுதினதாண்ணா?” என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை பொய்யில்லை. எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தேன். சைகோனுக்குப் போயிருப்பாள், திரும்பியிருப்பாள், பெரியப்பாவின் சாவுக்கு வந்திருப்பாள் என்று தினமும் மாலையில் நினைத்துக்கொள்வேன். வகுப்பில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கிடையில் கடைசிக் கருத்தரங்கு வந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் அந்தக் கல்லூரியிலேயே எம்.ஏ.வுக்கு நேராக இடம் கிடைக்கும். அவளுக்கு அந்த ஆசை இருந்தது. அவள் கட்டுரைக்கு வைத்திருந்த தலைப்பு ‘வாசலில் நிற்பவர்கள்’. கேட்டவுடனே பேராசிரியர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்னுடையது ‘நவீன நாவலில் காலம்’. அதை அவர் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

கருத்தரங்கு சனிக்கிழமை மாலை ஆறரைக்கு என்று இருந்தது. பேராசிரியருக்கு அன்று மாலை ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் காலை பதினொன்றுக்கு மாற்றினார். வியாழக்கிழமை எனக்குச் சொன்னார். நான் உடனே குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு போன்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்து போனைக் கையில் எடுத்தேன். ‘அம்மா போன்’ வரைக்கும் போனேன். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. விரலை வைத்தேன், எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

சனிக்கிழமை காலை பேராசிரியர் மூன்று முறை கேட்டார். “அம்மா போன் இருக்கீங்களா? யாராவது பேசினீங்களா அவங்ககிட்ட?” என் மைக்கை நான் திறக்கவில்லை. “சரி, அடுத்தவர்” என்றார். அடுத்தவன் நான். பத்து நிமிடம் காலத்தைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு எனக்குத்தான் முதல் இடம். அந்தச் சந்தோஷம் சோற்றில் கல் போல இருந்தது என்று சொன்னால் நல்லவனாகிவிடலாம். அப்படி இல்லை. நன்றாகத்தான் இருந்தது, அடுக்களை வாசலிலிருந்து என் மனைவி கேட்கும் வரைக்கும்.

“அந்தப் பொண்ணு ஏங்க வரல?”

“தெரியல.”

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த நேரம், அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் என் நாவல். பக்கங்களுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் பஸ் டிக்கெட். என் மனைவி குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். ரொம்ப நாள் காணாத தங்கச்சியை அழைப்பது மாதிரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

“நல்லா இருந்திச்சுண்ணா” என்றாள் சோபா நுனியில் உட்கார்ந்து. “சைகோன்ல அந்தப் பெரியவரு கடிதாசி எழுதத் தெரியாம நிக்கிறாரே, அங்க பஸ்ஸுலயே அழுதுட்டேன். பக்கத்துல இருந்த அம்மா என்னா ஏதுன்னு கேட்டாங்க. சார்கிட்ட சொல்லிட்டேன், எழுதிக் குடுங்க சார்னு.”

நாற்காலியில் சாய்ந்தேன். அணிந்துரை கிடைத்துவிட்டது.

“ஒரே ஒரு சின்ன சந்தேகம்ணா.”

நான் நிமிர்ந்தேன்.

“அந்த வீட்டு ஆம்பளைங்க வராந்தாவுல உக்காந்து பட்டாளத்துக் கதை பேசறாங்க இல்ல? அப்பல்லாம் காபி வருது. டிக்கெட் வெச்சிகினே வந்தேன். நாப்பத்தோரு தடவ வருது. யாரு போட்டாங்க, யாரு கொண்டாந்தாங்கன்னு ஒரு எடத்துலகூட இல்ல. அந்த வீட்டுல பொம்பளையே இல்லியான்னு திரும்பப் பாத்தேன். தெரியல.”

“அது கதைக்கு முக்கியமில்லம்மா” என்றேன்.

“முக்கியமில்லன்னு தெரியுதுண்ணா. ஆனா கொதிக்கக் கொதிக்க வருதே.”

அடுக்களையில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். இருமலாக மாற்றவில்லை. மூன்று டம்ளர் காபியோடு வந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என்னுடையது தட்டிலேயே இருந்தது. நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.

“கருத்தரங்குக்கு ஏம்மா வரல நீ?” என்று என் மனைவி கேட்டாள்.

“வந்தேங்கா. ஆறரைக்கு பஸ்ஸுல ஏறினதும் உள்ள போனேன். கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்கன்னே காட்டுது. பொம்மையார்பாளையம் தாண்டியும் சார் உள்ள உடல. வீட்டுக்குப் போயிகூட கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறந்தான் சார்கிட்ட பேசினேன், காலையிலயே முடிஞ்சிடிச்சாம். மார்க்கெல்லாம் அனுப்பிட்டாங்களாம்.” காபியை ஊதினாள். “அண்ணாவுக்கு ஆயிரம் வேல. மறந்திருப்பாரு.”

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, வலது கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவர்கள் இருவரும் மீன் விலையைப் பேச ஆரம்பித்தார்கள். அவள் போன பிறகு என் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “வெள்ளிக்கெழம சாயந்தரம் போன கையில வெச்சிகினு கூடத்துல நடந்தீங்களே, யாருக்குங்க?”

அந்த நாற்பத்தொரு டிக்கெட்டையும் நான் எடுக்கவில்லை. கோபத்தில் ஒரு வாரம் நாவலைத் தொடவில்லை. பிறகு முதல் டிக்கெட் இருந்த பக்கத்தைத் திறந்தேன். காபியை யாரோ கொண்டுவர வேண்டும். யார்? யோசித்தபோது எங்கள் வீட்டில் உண்மையிலேயே ஓர் அத்தை இருந்தது ஞாபகம் வந்தது. அவள் கணவரும் சொல்தாதான். சைகோனுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆண்கள் வராந்தாவில் உட்கார்ந்து சைகோனைப் பற்றிச் சிரித்துப் பேசும்போதெல்லாம் அவள்தான் காபி கொண்டுவந்திருக்கிறாள். பன்னிரண்டு வருடம் எழுதிய எனக்கு அவள் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. விறகு ஈரமாக இருந்தால் எவ்வளவு நேரமாகும், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று என் மனைவியிடம் கேட்டுக் கேட்டு எட்டு மாதம் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அத்தையை நிறுத்தினேன்.

நாவல் வெளிவந்தது. அணிந்துரையில் பேராசிரியர் அத்தையைப் பற்றித்தான் மூன்று பக்கம் எழுதினார். வெளியீட்டு விழாவில் பேசிய நான்கு பேரும் அத்தையைத்தான் பேசினார்கள். தமிழ் நாவலுக்கு நான் கொடுத்த கொடை என்று ஒருவர் சொன்னார். மாலை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி புத்தகத்தைப் பிரித்து நன்றிப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். “அச்சுக்காரரு இருக்காரு. அட்டை போட்டவரு இருக்காரு. டைப் அடிச்ச பொண்ணு இருக்கு. உங்க ஆபீசுல பேனா குடுத்தவருகூட இருக்காரு.” பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்த்தாள். “அந்தப் பொண்ணு எங்க?”

“அடுத்த பதிப்புல போட்டுடலாம்.”

“அப்ப காபி மட்டும் வந்திடிச்சு” என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கத்தில் என் மனைவி பெயரும் இல்லை. அதை அவள் கேட்கவேயில்லை.

ஏன் போடவில்லை என்றால், போட்டிருந்தால் படிக்கிறவர்கள் அத்தை யாருடையவள் என்று தெரிந்துகொள்வார்கள். அத்தை என்னுடையவள். என் அப்பாவின் அக்கா. பெல்ட்டின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியோடு அவளைப் பங்குபோட என்னால் முடியவில்லை. இப்போது இதை எழுதும்போதும் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை, பாருங்கள். பெயர் எனக்குத் தெரியும். வகுப்புப் பட்டியலில் இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை தாண்டி என் போன் அடித்தது. திரையில் ‘அம்மா போன்’. எடுத்ததும் விசில் சத்தம்.

“அண்ணா, அக்கா கொண்டாந்து குடுத்தாங்க, புக்கு. நேத்துதான் முடிச்சேன். அந்த அத்தை... என்னால முடியலண்ணா. எங்க சித்தி மாதிரியே இருந்தாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒரு சின்ன சந்தேகம்.”

நன்றிப் பக்கம்தான் என்று நினைத்தேன்.

“கடைசி அத்தியாயத்துல எல்லாரும் போட்டோ எடுத்துக்க நிக்கறாங்க இல்ல? அங்க அத்தை இல்லியே. எங்க போனாங்க?”

நான் புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் காபி கிடையாது. அதனால் டிக்கெட்டும் கிடையாது. டிக்கெட் இருந்த இடத்தில்தான் நான் அத்தையை வைத்தேன். பேராசிரியர் கவனிக்கவில்லை. மேடையில் பேசிய நான்கு பேரும் கவனிக்கவில்லை. இவள் கவனித்தாள். இவ்வளவுக்குப் பிறகும் முதலில் எனக்கு வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

“அவங்களுக்கு யாரும் சொல்லலம்மா” என்றேன். “எல்லாரும் வர்ற நேரம் மாறிடிச்சு. நான்தான் கூப்பிடல. மறந்துட்டேன்னு நெனச்சிருப்பே. மறக்கல. போன் கையிலதான் இருந்திச்சு.”

அந்தப் பக்கம் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சில்லறை கேட்டார்கள்.

“தெரியும்ணா” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை. “நான் கதையில கேட்டேன்.”

கண்டக்டர் பொம்மையார்பாளையம் என்று கத்தினார். அடுத்தது பிள்ளைச்சாவடி, அவள் இறங்கிவிடுவாள். போனைக் காதில் வைத்தபடி அவள் காத்திருந்தாள்.